ஐந்து கார்ட்களும் பாடுபவரின் கட்டையும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கிட்டார் கற்கத் தொடங்கியிருக்கும் இளையோருக்கும், அவர்களைத் தங்களோடு வாசிக்க அழைக்கும் பஜனைக் குழுவினருக்கும்,

கிட்டாரின் முதல் மூன்று ஃப்ரெட்களுக்குள் இரண்டு மூன்று விரல்களை வைத்து, மற்றக் கம்பிகளை அழுத்தாமல் திறந்தபடியே ஒலிக்கவிட்டு வாசிப்பவை ஓப்பன் கார்ட்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலித்தால் அது ஒரு கார்ட். ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்ட். அந்தர காந்தாரம் இருந்த இடத்தில் சாதாரண காந்தாரம் வந்தால் மைனர் கார்ட். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரேயொரு அரை ஸ்வர வேறுபாடு. பாட்டின் முகமே மாறுவதற்கு அது போதும்.

குயின் தெருவில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகாமாரியம்மன் கோவிலில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்குப் பழக்கமானது ஒற்றை மெட்டும் அதன் அடியில் அசையாமல் நிற்கும் சுருதியும்தான். மெட்டு நகரும்போது அடித்தளமும் கூடவே நகர்வது வேறு வகைக் கேட்டல். ஆனாலும் அது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1929இல் பினாங்கில் பிறந்த பி. ராம்லியின் மலாய்த் திரைப்பாடல்களில் கார்ட் உண்டு. 1960களின் இறுதியில் இதே பினாங்கில் உருவான அலிகேட்ஸ் குழுவை முன்னின்று நடத்தியவர்கள் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள். மார்க்கெட் தெருக் கடைகளின் ஒலிபெருக்கியில் எந்நேரமும் கேட்கும் தமிழ்த் திரைப்பாடல்களுக்குள்ளும் கிட்டார் ஆழமாக ஊறியிருக்கிறது. இளையராஜாவே கிட்டார் கலைஞராகத் திரையிசைக்குள் வந்தவர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர்.

இதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. கிட்டார் வாங்கிய வாரமே பலரும் கேட்பது ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வை எப்படி வாசிப்பது என்றுதான். அந்தப் பாடலின் அழகு கம்பிகளைத் தனித்தனியே மீட்டும் வலக்கை வேலையில் இருக்கிறது. தேர்ந்த ஸ்டுடியோ கலைஞர் வாசித்த பகுதியை முதல் பாடமாக வைத்துக்கொள்பவர் ஒரு மாதத்தில் கிட்டாரை அலமாரியின் மேல் ஏற்றிவிடுவார். முதலில் வரவேண்டியது கார்ட்.

கம்பிகளின் கணக்கு மெல்லியதிலிருந்து தொடங்குகிறது. மிக மெல்லியது 1ஆம் கம்பி, மிகத் தடித்தது 6ஆம் கம்பி. தடித்ததிலிருந்து வரிசையாக ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. சியை ஒன்றாக வைத்து எண்ணும் ஆர்மோனியக் கட்டையில் சொன்னால் மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து, ஏழு, மீண்டும் மூன்று. அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே ச–ம தூரம். மூன்றாவதற்கும் இரண்டாவதற்கும் இடையில் மட்டும் ச–க தூரம். அதனால்தான் ஒரு கம்பியின் 5ஆம் ஃப்ரெட்டை அழுத்தினால் அடுத்த மெல்லிய கம்பியின் திறந்த ஒலி கிடைக்கிறது. 3ஆம் கம்பியில் மட்டும் அது 4ஆம் ஃப்ரெட்டில் கிடைக்கிறது. காதால் சுருதி சேர்ப்பதற்கு இந்த ஒரு விதி போதும். ஆனால் தொடக்கத்தில் ட்யூனர் வைத்துக்கொள்வது நல்லது. ஒலிபெருக்கிகள் போட்டிபோடும் தெருவில், அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து கைப்பேசிச் செயலியால் சுருதி சேர்த்தால், அது எதிர்க்கடைப் பாட்டையும் சேர்த்துக் கேட்டுக் குழம்பும். கிட்டாரின் தலைப்பகுதியில் கவ்விக்கொள்ளும் கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வைத்தான் பிடிக்கிறது. தெருச் சத்தம் அதைத் தொடாது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நைலான் கம்பிக் கிட்டாரில் விரல் வலி குறைவு, கழுத்துப்பட்டை அகலம் அதிகம், சுமார் 52 மில்லிமீட்டர். எஃகுக் கம்பிக் கிட்டாரில் வலி அதிகம், அகலம் 43 மில்லிமீட்டர் அளவில். சிறிய கைகளுக்கு அகலமே பெரிய தடை என்பதால், பிள்ளைகளுக்கு நைலான்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சரியல்ல. முக்காலளவுக் கிட்டாரைக் கையில் கொடுத்துப் பார்த்து முடிவெடுப்பது மேல். பினாங்குக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தொடும். மரக் கிட்டாருக்கு உகந்தது 45 முதல் 55 விழுக்காடு. எஃகுக் கம்பி துருப்பிடிக்கும், பலகை உப்பிக் கம்பி உயரும், உயர்ந்த கம்பியை அழுத்த இன்னும் பலம் வேண்டியிருக்கும். தனக்குக் கை வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும் மாணவரின் உண்மையான சிக்கல் சில சமயம் கம்பி உயரம்தான். வாசித்து முடித்ததும் கம்பிகளைப் பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உறையில் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இடக்கைப் பெருவிரல் கழுத்துப்பட்டையின் பின்புறம் தாங்கலாக இருக்க, மற்ற விரல்கள் வளைந்து நுனியால் கம்பியைத் தொட வேண்டும். விரல் ஃப்ரெட் கம்பியின் மேல் ஏறக் கூடாது, இரண்டு ஃப்ரெட்களுக்கு நடுவிலும் நிற்கக் கூடாது. ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டி நிற்க வேண்டும். அங்கே வைத்தால் மிகக் குறைந்த அழுத்தத்தில் தெளிவான ஒலி வரும். தள்ளி வைத்தால் கம்பி இரையும், இரைச்சலைப் போக்க மாணவர் இன்னும் அழுத்துவார், கை வலிக்கும். ஒவ்வொரு கார்டையும் பிடித்த பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது நல்லது. ஊமையாகும் கம்பியைப் பெரும்பாலும் பக்கத்து விரலின் சதைதான் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த விரலை இன்னும் செங்குத்தாக நிறுத்தினால் ஒலி திறக்கும். நுனித்தோல் தடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தினமும் கால்மணி நேரம் வாசிப்பது, ஞாயிறன்று மூன்று மணி நேரம் வாசித்து மற்ற நாட்களில் விட்டுவிடுவதைவிடப் பயன் தரும்.

முதல் கார்ட் ஈ மைனர். 5ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், 4ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல், அவ்வளவுதான். ஆறு கம்பிகளையும் அடிக்கலாம், எதுவும் தவறாக ஒலிக்காது. பல புத்தகங்கள் சி மேஜரிலிருந்து தொடங்குகின்றன. பியானோவில் அதற்கு நியாயம் உண்டு, கிட்டாரில் இல்லை.

ஈ மைனரின் இரண்டு விரல்களையும் அப்படியே ஒரு கம்பி கீழே, மெல்லிய பக்கம் நகர்த்தி, 2ஆம் கம்பியின் 1ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்தால் ஏ மைனர். இதை 5ஆம் கம்பியிலிருந்து அடிக்க வேண்டும். அடுத்து, ஆள்காட்டி விரலையும் 4ஆம் கம்பியில் இருக்கும் நடுவிரலையும் அசைக்காமல், மோதிர விரலை மட்டும் எடுத்து 5ஆம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுபோனால் சி மேஜர். ஒரே விரலின் நகர்வில் ஒரு மைனர் ஒரு மேஜராகிறது. இந்த ஏ மைனர்–சி மாற்றத்தை முதல் வாரத்திலேயே பழகுவது நல்லது. கார்ட் மாற்றம் என்பது எல்லா விரல்களையும் தூக்கி மீண்டும் தேடி வைப்பதல்ல என்பதைக் கைக்கு அது உணர்த்திவிடும்.

ஜி மேஜரை இரண்டு மூன்று விதமாகப் பிடிக்கலாம். 5ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், 6ஆம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல், 1ஆம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் சுண்டுவிரல் என்ற பிடியே இங்கே பரிந்துரைக்கப்படுகிறது. சுண்டுவிரல் முதலில் முரண்டு பிடிக்கும். ஆனால் ஈ மைனரிலிருந்து இந்த ஜிக்கு வரும்போது நடுவிரல் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஜியிலிருந்து சிக்குப் போகும்போது நடுவிரலும் மோதிர விரலும் சேர்ந்தபடியே ஒரு கம்பி நகரும். சுண்டுவிரலைத் தவிர்க்கும் பிடி இன்று எளிதாகத் தோன்றினாலும் இந்த இரண்டு வசதிகளையும் இழக்கிறது.

டி மேஜர் இவற்றோடு ஒட்டாத தனி வடிவம். 3ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி, 2ஆம் கம்பியின் 3ஆம் ஃப்ரெட்டில் மோதிர விரல், 1ஆம் கம்பியின் 2ஆம் ஃப்ரெட்டில் நடுவிரல், 4ஆம் கம்பியிலிருந்து அடி. ஜியிலிருந்து டிக்குப் போவதுதான் இந்த ஐந்தில் மிகக் கடினமான மாற்றம். பொதுவாக இருக்கும் விரல் எதுவும் இல்லை. மோதிர விரலை முதலில் 2ஆம் கம்பியில் ஊன்றி, மற்ற இரண்டையும் அதைச் சுற்றி அமைப்பது ஒரு வழி. பழகப் பழக மூன்றும் ஒன்றாக இறங்கும்.

பிடிகளைத் தெரிந்துகொள்ள ஒரு மாலை போதும், மாற்றங்களுக்குத்தான் மாதங்கள் வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் இரண்டு கார்ட்களுக்கிடையே எத்தனை முறை சுத்தமாக மாற முடிகிறது என்று எண்ணுவது பல ஆசிரியர்களும் கைக்கொள்ளும் பயிற்சி. முப்பதைத் தாண்டினால் மெதுவான பாட்டுக்குப் போதும், அறுபதை எட்டினால் பெரும்பாலான பாட்டுகளுக்குக் கை தயார். இந்தப் பயிற்சியில் ஒலி அழகைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாட்டோடு வாசிக்கும்போது வேறொரு விதி: கார்ட் வந்து சேராவிட்டாலும் வலக்கை நிற்கக் கூடாது. ஒரு கார்ட் அரைகுறையாக ஒலிப்பதைப் பாடுபவர் மன்னிப்பார். தாளம் நின்றால் பாட்டே நின்றுவிடும்.

வலக்கைக்கு முதல் மாதம் நான்கு எண்ணிக்கையில் நான்கு கீழடி மட்டும். ‘தகதிமி’ என்று சொல்லிக்கொண்டே அடிக்கலாம். பிறகு ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் நடுவில் கை மேலே வரும்போது கம்பியைத் தொடுவது மேலடி. கை எப்போதும் மேலும் கீழும் சீராகப் போய்க்கொண்டே இருக்க, எந்த இடத்தில் கம்பியைத் தொடுவது, எந்த இடத்தில் தொடாமல் விடுவது என்பதில்தான் எல்லா ஸ்ட்ரம்மிங் வகைகளும் பிறக்கின்றன. தமிழ்ப் பாட்டுக்கு ‘தகிட’ என்ற மூன்றெண்ணிக்கை நடையும் கட்டாயம் வேண்டும். காவடிச் சிந்து மெட்டுகள் பெரும்பாலும் அதில்தான் நடக்கின்றன. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் பினாங்குத் தெரு கோவில் வீட்டிலிருந்து ரதம் புறப்படும் ஊரில், நான்கெண்ணிக்கை மட்டுமே தெரிந்த கிட்டார் பாதி நாள் சும்மா இருக்கும்.

ஈ மைனர், ஏ மைனர், சி, ஜி, டி. இந்த ஐந்தும் இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் பாட்டுகளுக்கு மட்டும் உதவுபவை அல்ல. ஐந்து கட்டையில், அதாவது ஜியில், ஷட்ஜத்தை வைத்தால் சங்கராபரணத்தின் ஸ்வரங்களுக்குள் அடங்கும் மேஜர், மைனர் கார்ட்கள் ஆறு. அவற்றில் ஐந்து இவையே. மூன்று கட்டையில், ஈயில், ஷட்ஜத்தை வைத்தால் நடபைரவியின் ஸ்வரங்களுக்குள் அடங்குபவையும் அதே ஆறு, அதே ஐந்து. மேற்கத்திய மேஜர் ஸ்கேலும் நேச்சுரல் மைனர் ஸ்கேலும் இந்த இரண்டு மேளங்கள்தான், 29ஆவதும் 20ஆவதும். தமிழ்த் திரையிசையின் பெரும்பரப்பு இவற்றில் நிற்கிறது.

மோகனம் இன்னும் சிக்கனமானது. ஐந்து கட்டையில் அதன் ஸ்வரங்கள் ஜி, ஏ, பி, டி, ஈ. இவற்றால் அமையக்கூடிய மேஜர், மைனர் கார்ட்கள் இரண்டே: ஜியும் ஈ மைனரும். நடுவிரலை அசைக்காமல் மாறக்கூடிய அதே ஜோடி. ஆக, இரண்டு கார்ட் மட்டும் தெரிந்த மாணவர் ஒரு மோகனப் பாட்டுக்குத் துணை வாசித்துவிடலாம். பஜனைக் குழுக்கள் புதியவரை எந்தப் பாட்டில் சேர்த்துக்கொள்வது என்று யோசித்தால், இங்கே தொடங்கலாம்.

சரளி வரிசை பாடிப் பழகியவர்களுக்கு மாயாமாளவகௌளை கைவசம் இருக்கும். அதை மூன்று கட்டையில் வைத்தால் ஈ மேஜரும் ஏ மைனரும் பொருந்தும். ஈ மேஜர் என்பது ஈ மைனரோடு 3ஆம் கம்பியின் 1ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல் சேர்வதுதான். ஏ மைனரின் வடிவமும் அதுவே, ஒரு கம்பி தள்ளி.

எல்லா ராகத்துக்கும் இது ஒத்துவராது. தோடியைப் போலக் கமகத்தில் உயிர்வாழும் ராகங்களில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கார்டோ அதை ஓரிடத்தில் ஆணியடித்து நிறுத்துகிறது. பாடுபவரின் அசைவும் கிட்டாரின் அசையாத காந்தாரமும் மோதும். அத்தகைய இடங்களில் காந்தாரத்தை விட்டுவிட்டு ச–ப மட்டும் மீட்டுவது மரியாதை. ஆறு கட்டையில் என்றால் 5ஆம் கம்பியைத் திறந்தும், 4ஆம் கம்பியை 2ஆம் ஃப்ரெட்டில் அழுத்தியும், இரண்டை மட்டும் வாசித்தால் போதும். கிட்டார் அப்போது தம்புராவின் வேலையைச் செய்கிறது. அதில் குறைவொன்றும் இல்லை.

அடுத்தது, இங்குள்ள மாணவர்கள் உண்மையில் தடுக்கி விழும் இடம். வீட்டில் ஜியில் நன்றாக வாசித்தவர் பஜனைக்குப் போகிறார். பாடும் பெண்மணி ஐந்தரைக் கட்டை என்கிறார். அடுத்துப் பாடுபவர் ஆண், ஒன்றரை என்கிறார். மாணவரிடம் இருக்கும் ஓப்பன் கார்ட் எதுவும் அந்தக் கட்டையில் இல்லை. பாடுபவரைக் கிட்டாருக்காகக் கட்டையை மாற்றச் சொல்வது முறையல்ல, குரல் அதற்கு இடம் கொடுக்காது. இதற்கான கருவி கேப்போ. கழுத்துப்பட்டையில் குறுக்கே கவ்வி எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் சிறு கவ்வி. ஒரு ஃப்ரெட் மேலே போனால் ஒலி ஓர் அரை ஸ்வரம் ஏறும், அதாவது கட்டைக் கணக்கில் அரைக் கட்டை. மூன்றிலிருந்து நான்குக்கும் ஏழிலிருந்து மேல் ஒன்றுக்கும் போகும்போது மட்டும் அந்த ஒரே ஃப்ரெட் முழுக் கட்டையாகக் கணக்காகும், ஆர்மோனியத்தில் அந்த இரண்டு இடங்களில் கறுப்புக் கட்டை இல்லாததால்.

கணக்கு இப்படிப் போகிறது. ஜியை ஷட்ஜமாகக் கொண்ட கார்ட்கள் கேப்போ இல்லாமல் ஐந்து கட்டை. கேப்போ 1இல் ஐந்தரை, 2இல் ஆறு, 3இல் ஆறரை, 4இல் ஏழு. டியை ஷட்ஜமாகக் கொண்டால் கேப்போ இல்லாமல் இரண்டு, பிறகு வரிசையாக இரண்டரை, மூன்று, நான்கு, நான்கரை. மிஞ்சுபவை ஒன்றும் ஒன்றரையும். ஏயை ஷட்ஜமாக வைத்து, கேப்போவை 3இலும் 4இலும் போட்டால் அவை கிடைக்கும். ஆக 4ஆம் ஃப்ரெட்டைத் தாண்டாமலே பன்னிரண்டு கட்டைகளும் வந்துவிடுகின்றன. இதற்காகப் புதிதாகக் கற்க வேண்டியது ஏ மேஜர் ஒன்றுதான்: 4, 3, 2ஆம் கம்பிகளின் 2ஆம் ஃப்ரெட்டில் மூன்று விரல்கள் நெருக்கியடித்து நிற்கும் பிடி. ஏயை ஷட்ஜமாக வைக்கும்போது அதோடு டியும் ஈ மேஜரும் சேர்ந்தால் ச, ம, ப மூன்றின் மேலும் கார்ட் அமைந்துவிடும். பெண் குரல்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை, ஆறு என்ற வட்டத்திலும், ஆண் குரல்கள் ஒன்று முதல் இரண்டு வரையிலும் இருப்பதால், ஜி வடிவங்களும் ஏ வடிவங்களும்தான் அதிகம் பயன்படும். குழுவினர் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் பாடுபவரின் கட்டையையும் குறித்து முன்கூட்டியே கொடுத்தால், புதிய கிட்டார்க்காரருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கேப்போவைத் திருட்டு வழி என்று சில ஆசிரியர்கள் இகழ்வதுண்டு. தேர்ந்த கலைஞர்களின் கிட்டாரிலும் அது இருக்கிறது. திறந்த கம்பிகளின் அதிர்வு வேறெந்த வழியிலும் கிடைப்பதில்லை. ஒரேயொரு எச்சரிக்கை: கேப்போ போட்டபின் மீண்டும் ஒருமுறை சுருதி பார்க்க வேண்டும், கவ்வும் அழுத்தத்தில் கம்பிகள் சற்று ஏறிவிடும்.

எஃப் மேஜரைப் பற்றிக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடங்கியவர்களில் பலர் கிட்டாரை விட்ட இடம் அதுதான். ஆள்காட்டி விரலால் 1ஆம் ஃப்ரெட்டில் ஆறு கம்பிகளையும் குறுக்காக அழுத்த வேண்டும், அதுவும் கம்பி மிக விறைப்பாக இருக்கும், தலைப்பகுதியை ஒட்டிக் கம்பிகளைத் தாங்கும் நட்டின் அருகிலேயே. முதல் மூன்று மாதங்களுக்கு அது தேவையில்லை. நான்கு கட்டையில் பாட வேண்டுமென்றால் டி வடிவமும் கேப்போ 3உம் இருக்கின்றன. நடுவில் எஃப் தவிர்க்க முடியாமல் வந்தால், சி மேஜரின் நடுவிரலையும் மோதிர விரலையும் ஒரு கம்பி மெல்லிய பக்கம் நகர்த்தி, ஆள்காட்டி விரலை இருந்த இடத்திலேயே விட்டு, 4ஆம் கம்பியிலிருந்து அடித்தால் எஃப் மேஜர் செவன் கிடைக்கும். பெரும்பாலான இடங்களில் கேட்பவருக்கு அது உறுத்தாது.

கை பலம் பெற்றபின் முழு எஃபைப் பழக 1ஆம் ஃப்ரெட்டில் தொடங்கக் கூடாது. 5ஆம் ஃப்ரெட்டில், கம்பி இளகும் இடத்தில், அதே பிடியைப் பழகி ஒவ்வொரு ஃப்ரெட்டாக இறங்கி வருவது எளிது. பிடியும் புதிதல்ல. ஈ மேஜரின் வடிவத்தை மற்ற மூன்று விரல்களால் பிடித்து, கேப்போவின் வேலையை ஆள்காட்டி விரலிடம் கொடுப்பதுதான் அது. இதையே ஏ மைனர் வடிவத்துக்குச் செய்து, ஆள்காட்டி விரலை 5ஆம் கம்பியிலிருந்து குறுக்கே கிடத்தி 2ஆம் ஃப்ரெட்டில் நிறுத்தினால் பி மைனர். சங்கராபரணத்துக்கும் நடபைரவிக்கும் அடங்கும் ஆறு கார்ட்களில் இதுவரை விடுபட்டிருந்த ஆறாவது அதுதான்.